மரியதாஸ் ஊற்றிய தீர்த்தம்

எங்கள் ஊர் மாதா கோயிலின் கோயில்பிள்ளை மரியதாஸைப் பற்றிச் சொல்ல நல்லது நிறைய இருக்கிறது. மணி அடிப்பது, பீடம் துடைப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது எல்லாமே சுத்தம். பயம்தான் கொஞ்சம் அதிகம். அந்த மனுசன் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது.

கொரோனாவில் பூட்டிய கோயிலைத் திறந்தபோது பங்குசாமி கண்டிப்பாகச் சொன்னார். மாஸ்க் கட்டாயம், பெஞ்சுக்கு இரண்டு பேர், நன்மை அப்பம் நாக்கில் இல்லை, கையில்தான், வாசல் தொட்டியில் தீர்த்தம் கூடாது. மரியதாஸ் வாசலில் நின்று எல்லோர் கையிலும் சானிடைசர் ஊற்றினார். ஜனங்கள் அதைத் தேய்த்துக்கொண்டே பழக்கதோஷத்தில் காய்ந்த தொட்டியிலும் விரலை விட்டார்கள்.

"இன்னாபா, தீர்த்தம் இல்லாத கோயிலு ஒரு கோயிலா?"

கேட்டுக் கேட்டு அவர் மனசு கரைந்தது. மாதா திருநாளன்று யாரையும் கேட்காமல் தொட்டியை நிரப்பிவிட்டார். மந்திரித்த தண்ணீரில் நோய் தங்காது என்று நம்பினார்.

பூசைக்கு வந்த சூசைநாதன் ஆசையாக விரலை நனைத்துச் சிலுவை போட்டு, மாஸ்க்கை இறக்கி விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தார். அவருக்கு முன்னால் ஒருவர் இருமிய கையை அதே தொட்டியில் விட்டதை மரியதாஸ் பார்த்திருந்தார். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூசை முடிவதற்குள் தண்ணீரைக் கொட்டித் தொட்டியைத் துடைத்துவிட்டார். இருமியவர் காய்ச்சலில் கிடந்து தேறினார். ஆஸ்பத்திரிக்குப் போன சூசைநாதன் திரும்பவில்லை.

அவர் மனைவி ஸ்டெல்லா வில்லியனூர் சந்தையில் கீரை விற்பவள். "சந்தையிலேந்து நான்தான் கொண்டாந்தேன், எம்புருசன நானே முழுங்கிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மாமியாரும் அதையேதான் சொன்னாள். ஸ்டெல்லா சந்தையை விட்டாள். பெற்ற பிள்ளைகளைத் தொடவே பயந்தாள்.

நோய் எந்த வழியாக வந்தது என்று மரியதாஸுக்கும் நிச்சயமில்லை. ஆனால் தான் வாயைத் திறந்தால் அந்தப் பெண்ணின் பாரம் பாதி இறங்கும் என்று தெரியும். திறக்கவில்லை. சோறு இறங்காமல் இளைத்தார். பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொன்னார். "அந்த அம்மாகிட்டயும் போய்ச் சொல்லுங்க" என்றார் பங்குசாமி. அதற்குப் பிறகும் நாளைக் கடத்தினார்.

கடைசியில் ஒருநாள் ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தார். நான் பக்கத்து வீடு. அன்று ஸ்டெல்லாவோடுதான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசற்படி ஏறாமல் நின்றபடியே, பங்குசாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தது வரை எல்லாவற்றையும் சொன்னார்.

"எம்மா, என்ன அடிச்சாலும் வாங்கிக்கறேன். எம்மேலதான் தப்பு."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஸ்டெல்லா அழவில்லை.

"பங்குசாமிகிட்ட எப்பண்ணா சொன்ன?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி."

"தீர்த்தம் ஊத்தினதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அவரு ஆசையாத்தான் தொட்டாரு. ஆனா எங்க அத்த பொங்கலுக்குத்தாண்ணா செத்தாங்க. எம்புள்ளைய கொன்னவ நீன்னு சொல்லி, கடைசி வரைக்கும் எங்கையால ஒரு வாய் சோறு வாங்கல. அவங்களுக்கு இத யாரு போய்ச் சொல்றது?"

அவள் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.