தெற்கு ஜன்னலில் நான்கு ஆணி

இன்று காலை என் மகள் தூங்கும் அறையின் தெற்கு ஜன்னலைத் திறந்துவிட்டேன். அதற்கு நான்கு ஆணிகளைப் பிடுங்க வேண்டியிருந்தது.

வாடகை வீடு. தெற்கு எமன் திசையாம். அதனால் வீட்டுக்கார அக்கா அந்த ஜன்னலை ஆணியடித்து மூடி வைத்திருந்தார்.

காற்றே படாத சுவரில் மழைக்காலம் முழுக்கக் கறுப்புப் பூசணம். பொங்கலுக்குப் பொங்கல் அதன் மேலேயே வெள்ளையடிப்பார். அடுத்த மழைக்கு அப்படியே திரும்பி வரும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இருமல் நின்றபாடில்லை.

முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து நின்றார்.

“ஏம்மா, அதத் தொறந்தா எமன் வூட்டுக்குள்ள வந்துருவான்னு சொன்னனில்ல?”

“அவன் ஏற்கெனவே உள்ளாரதாங்க இருக்கான். செவுரு பூரா கறுப்பா பூத்திருக்கான் பாருங்க. வெளிய போகட்டும்னுதான் தொறந்து வுட்டிருக்கேன்.”

“அப்டின்னா வேற வூடு பாத்துக்க.”

“பாத்துக்கறேங்க. ஆணிய மட்டும் திருப்பித் தரமாட்டேன்.”

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் வாடகைக்கு வீடு இருந்தால் சொல்லுங்கள். ஜன்னல் எந்தத் திசையில் இருந்தாலும் சரி, திறக்க வேண்டும்.