யாரும் எழுந்து நிற்காத பெயர்

கண் மருத்துவமனையின் வெளிநோயாளர் கூடத்தில், பரிசோதனை அறைக் கதவோரம் நின்று பெயர் கூப்பிடுவது அவள் வேலை. பதினான்கு வருடமாக அதே கதவு. டாக்டர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் 'கூப்பிடுற அக்கா'. ஊரார் பெயரையெல்லாம் உரக்கச் சொன்னவளின் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

கூடத்தில் அவள் குரல் கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கடை வரை கேட்கும். வீட்டில் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. 'அது வாயில்லாப் பூச்சி' என்று பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொன்னார்கள். இரண்டு வீடும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

குடும்பத்தின் சார்பில் எதிர்த்துப் பேசுகிற பொறுப்பைக் கணவர் ஏற்றிருந்தார். பேருந்துப் பணிமனையில் தொழிற்சங்கச் செயலாளர், எல்லோருக்கும் 'தலைவர்'. மேலாளரின் மேஜையில் அவர் ஓங்கிக் குத்தியதில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்த கதை பணிமனையில் இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தேநீரின் சூடு கூடுகிறது.

கல்யாணமாகி ஒன்பதாம் வருடம் அவள் உண்டானாள். பெண் பிறந்தால் வைக்கலாமென்று தலைவர் பதினொரு பெயர்களை எழுதிக் கொடுத்தார். அவள் பிடிக்கிறது என்றும் சொல்லவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. பரிசோதித்தாள்.

அவளுடைய தொழிலில் நல்ல பெயருக்கு இலக்கணம் ஒன்றுதான். கூப்பிட்டால் ஒரே ஒரு ஆள் எழுந்திருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியில் கழன்ற திருகாணியை முடுக்கிக்கொள்ள வந்த ஒருவர், இன்னொருவருக்கும் அதே பெயர் இருந்த பாவத்துக்காக உள்ளே போய், கண்பாவையை விரிக்கிற சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு, மாலை வரை கைக்குட்டையால் கண்ணைப் பொத்தி உட்கார்ந்திருந்தார். ஏச்சு அவளுக்குக் கிடைத்தது. அவள் குறை சொன்னது அந்தப் பெயரை.

ஆகவே, கூட்டம் நெரியும் பதினொரு மணிக்கு, நிஜப் பெயர்களுக்கு நடுவே தலைவரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் செருகிக் கூப்பிட்டாள். முதல் பெயருக்கு மூன்று பேர் எழுந்தார்கள். இரண்டாவதற்கு ஓர் அம்மாவும், அவளுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருத்தியும். நான்காவதற்குத் திரும்பியவள் புது நர்ஸ். எட்டு நாளில் பட்டியல் காலி.

அந்த வாரமே ஒரு சிறுமி, கருவியில் தாடையை வைக்க மாட்டேனென்று கதவைப் பிடித்துத் தொங்கினாள். "முரண்டு பிடிக்காதே" என்று அவள் அம்மா பல்லைக் கடித்தாள். தன்னிடம் யாரும் இப்படிச் சொன்னதே இல்லை என்பது கூப்பிடுற அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்ல வேண்டிய தேவையை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. கதவோரம் நிமிர்ந்து நின்று கூப்பிட்டாள்: "முரண்டு!"

யாரும் எழவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெண்தான் பிறந்தது.

"முரண்டா?" என்றார் தலைவர். "விளையாட்டுக்குத்தானே சொல்ற?"

"இல்லைங்க."

"பேரா இது, புகாரா?" என்றார் மாமியார்.

"யாருக்கும் இல்லாத பேரு, அத்தை."

"ஏன் இல்லைன்னு யோசிச்சியா? புத்தி உள்ளவங்க யாரும் வைக்கலை."

தலைவர் குரலைத் தணித்தார். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். தலைமையாசிரியை என்ன நினைப்பாங்க?" எந்த மேலாளருக்கும் அஞ்சாதவர், ஐந்து வருடம் கழித்து வரப்போகும் ஒரு தலைமையாசிரியைக்கு இப்போதே அஞ்சினார்.

"பணிஞ்சு போறவன் மனுஷனே இல்லைன்னு போன மாசம் மேடையில பேசினீங்களே?"

"அது பொதுக்கூட்டம்டி. இது குடும்பம்."

பிறப்புப் பதிவுப் படிவத்தில் அம்மா, அப்பா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தோரு நாள் கெடு. தவறினால் சான்றிதழில் வெறும் 'பெண் குழந்தை'. அப்புறம் நிதானமாக எந்தப் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். தலைவர் கண் வைத்திருந்தது அந்த நிதானத்தின் மேல்தான். முதலில் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். பிறகு, கொள்கையளவில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அதற்கும் பிறகு அம்மா, தங்கை, தங்கை கணவர் அடங்கிய மூவர் குழுவை அமைத்தார். குழு கூடவே இல்லை. நிர்வாகம் தன்னிடம் காட்டிய வித்தையில் ஒன்றைக்கூட மனிதர் மறந்திருக்கவில்லை.

இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சங்கத்து ஆட்கள் எட்டுப் பேர் குழந்தைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு வந்தார்கள். முன்னறை நிறைந்துவிட்டது, இருவர் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தார்கள்.

"பேரு என்ன வெச்சிருக்கீங்க தலைவரே?"

"பார்த்துக்கிட்டே இருக்கோம். அவசரமில்லை."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படுக்கையறை வாசலில் வந்து நின்றாள். அந்த வீடு அதுவரை கேட்டிராத குரலில் கூப்பிட்டாள்:

"முரண்டு! முரண்டோட அப்பா யாரு? எழுந்து உள்ள வாங்க!"

தலைவர் எழுந்துவிட்டார். யோசித்து எழவில்லை, அந்தக் குரலுக்கு யாரும் யோசித்து எழுவதில்லை.

எழுந்து நின்ற தலைவரை எட்டுப் பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். மூத்த மெக்கானிக்தான் முதலில் தொடையைத் தட்டினார். "அடேங்கப்பா! பேருன்னா இது பேரு!"

"நானும் வெச்சேனே ஒரு பேரு. கூப்பிட்டா தெருவே எட்டிப் பார்க்குது" என்றார் ஜன்னலில் இருந்தவர்.

"அது சரி, இதுக்கு அண்ணிகிட்ட எப்படித் தலைவரே சம்மதம் வாங்கினீங்க?"

தலைவர் மனைவியைப் பார்த்தார். அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பேசிப் புரிய வெச்சேன்" என்றார்.

எழுந்தது எழுந்தாகிவிட்டது, நின்றபடியே கால் மணி நேரம் பேசினார். பெயரிலிருந்தே தொடங்க வேண்டும் எதிர்ப்பு என்றார். கைதட்டல் ஓய்வதற்குள் அவள் படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள். எட்டுப் பேர் சாட்சியாகக் கையெழுத்து விழுந்தது. மாமியார் சமையலறையில் பாத்திரங்களிடம் தன் கருத்தைத் தெரிவித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் இருவரும் ஜன்னலுக்கு முன்னால் நின்றார்கள். எழுத்தர் படிவத்தைப் படித்தார். தலைவரைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"ஐயா யோசனையாம்மா இது?"

"ஆமா சார்."

"நல்லா யோசிச்சுக்கோங்க. ஒரு தடவை ஏத்திட்டா அப்புறம் மாத்த முடியாது."

அவள் ஜன்னல் பக்கம் குனிந்தாள். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார். இவருக்குக் கேட்கலை."