மாதாவின் மஞ்சள் சேலை

சிந்து எந்தத் துணியையும் உதறி விரித்துப் பார்க்காமல் மடித்து வைக்கமாட்டாள். மஸ்கட்டில் அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நோயாளியின் வயிற்றைத் தைத்து மூடும் முன் உள்ளே வைத்த துணி ஒவ்வொன்றையும் விரித்து எண்ணுவது அவள் பொறுப்பு. எவ்வளவு பெரிய டாக்டரும் அவள் தலையசைத்த பிறகுதான் தைப்பார். பழக்கம் வீடு வரை வந்துவிட்டது.

அம்மா சாந்தகுமாரிக்கு மூட்டு ஆபரேஷன் என்று லீவு போட்டு விவேக் நகர் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த நேரம், தெருமுனை மாதா கெபியில், அந்தச் சின்னக் குகைக் கோயிலில், திருவிழா. மாதாவுக்குச் சேலை கட்டுவது எப்போதும் அம்மாவின் வேலை. இப்போது ஸ்டூலில் ஏற முடியாததால் மகளை அனுப்பினாள்.

சிந்துவுக்கு அந்தப் பக்கம் போகவே மனமில்லை. சில வருஷங்களுக்கு முன், இதே திருவிழாவில் மாதாவின் தங்கச் சங்கிலி காணாமல் போனது. தெருவே சேர்ந்து வேண்டுதலாகச் செய்து போட்ட சங்கிலி. "நான்தான் கழுத்துல போட்டேன், அதுக்கப்புறம்தான் காணோம்" என்று அம்மா சத்தியம் செய்தாள். அப்போது கெபிக்குப் பின்னால் ஏணியில் நின்று சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தவன், அதே தெருவில் மைக்செட் கடை வைத்திருந்த கிஷோர். திருவிழாக் கமிட்டித் தலைவரான அப்பா சூசைநாதன் அவன் பேரில் புகார் கொடுத்தார். போலீஸ் அவனைக் கொண்டுபோய் உட்காரவைத்தது, கடையைக் கவிழ்த்துப் பார்த்தது, ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டது. தெரு விடவில்லை. அவன் கடையை நீலசந்திரா ஏரியாவுக்கு மாற்றிக்கொண்டான்.

அந்தத் திருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு கோயிலில் கிஷோருக்கும் சிந்துவுக்கும் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிப்பதாக இருந்தது. "நீயாவது நம்பறியா?" என்று அவன் கேட்டபோது அவள் வாய் திறக்கவில்லை. கல்யாணம் நின்றது. அதற்குப் பிறகுதான் மஸ்கட்.

கெபியின் முன் திரை கட்டியிருந்தது. சேலை மாற்றும்போது ஆண்கள் உள்ளே வரக்கூடாது. மாதாவைச் சேலையில்லாமல் ஒரு நொடியும் விடக்கூடாது என்பதால் புதியதை மேலே சுற்றிய பிறகே பழையதை அடியிலிருந்து உருவுவார்கள். உருவிய சேலைகளைத் திருவிழா முடிந்ததும் சீட்டுக் குலுக்கி வீடுகளுக்குக் கொடுப்பார்கள்.

உள்ளே வைத்துக் கட்ட ஒரு பழந்துணி தேடி சிந்து அங்கிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் ஒரு மஞ்சள் பட்டு.

"அது வேணாம்டி" என்றாள் உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு லூர்தக்கா. "சங்கிலி போன அன்னிக்கு மாதா மேலேருந்து உருவினது. திருட்டு நடந்த சேலை, வீட்டுக்கு ஆகாதுன்னு குலுக்கல்ல யாரும் வாங்கல."

"போலீஸ் பாத்தாங்களா?"

"மாதா சேலைய ஆம்பள தொடுவானா? அந்தக் கான்ஸ்டபிள் ஷூவக் கழட்டிட்டு வெளியவே நின்னாரு, பாவம். சும்மா இரு, பெட்டிய மூடு."

சிந்துவின் கை கேட்கவில்லை. உதறினாள். மடிப்புக்குள் ஏதோ கனத்தது. கொசுவத்தின் உள்பக்கம் ஓர் ஊக்கு, ஊக்கில் தொங்கியபடி சங்கிலி.

லூர்தக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். சிந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சேலை மாற்றும்போது சங்கிலி சிக்கி அறுந்துவிடும் என்று அம்மா அதைக் கழற்றி, மாதா உடுத்தியிருக்கும் சேலையின் கொசுவத்திலேயே குத்தி வைப்பாள். புதியதைச் சுற்றியதும் எடுத்து மாட்டுவாள். அன்று வெளியே பேண்டு முழங்க, தேரை எடுக்கச் சொல்லிக் கூட்டம் நெருக்கியிருக்கிறது. அவசரத்தில் சங்கிலியோடு சேலையை உருவி மடித்துவிட்டாள். வருஷா வருஷம் போட்ட கை, அன்றும் போட்டதாகவே நினைத்துக்கொண்டது.

வீட்டில் சங்கிலியைப் பார்த்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா சங்கிலியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மாதாவே திருப்பிக் குடுத்தாங்க, அற்புதம், புதுமை நடந்துச்சுன்னு சொல்லிடலாம். ஜனங்களும் சந்தோஷப்படுவாங்க. உங்கம்மா பேரும் கெடாது."

"கிஷோர் பேரு?"

"அதான் கெடச்சிடுச்சேம்மா."

"திருடினவன் பயந்துபோய்க் கொண்டாந்து வெச்சிட்டான்னு பேசுவாங்கப்பா. அப்பவும் அவன்தான் திருடன்."

"அவ சொல்றது சரிதாங்க" என்றாள் அம்மா. "நடந்தத சொல்லிடுங்க."

"அப்புறம் நீ தெருவுல தலை நிமிந்து நடக்க வேணாமா?"

"இந்த முட்டிய வெச்சிக்கிட்டு நான் எங்க நடக்கறேன்?"

அப்பா சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்து போனார்.

சாயங்காலம் சிந்து நீலசந்திராவுக்கு ஆட்டோ பிடித்தாள். கிஷோர் ஒரு ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காதோரம் இரண்டு நரைமுடி. அவள் சொல்லி முடிக்கும் வரை கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வைக்கவில்லை.

"சங்கிலி கெடச்சதும் நம்பிக்க வந்துடுச்சா மேடத்துக்கு?"

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்புதான்."

அவன் வயரைப் பார்த்தபடியே கேட்டான். "உங்கப்பா எல்லார் முன்னாடியும் சொல்லுவாரா?"

"நாளைக்குக் கொடியேத்தம். வந்து பாரு."

"உங்க தெருவுக்குள்ள நான் கால் வெச்சே ரொம்ப நாளாச்சு" என்றான். வருகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் மாலை தெரு நிறைந்திருந்தது. கொடி ஏறியது. சூசைநாதன் மைக்கைப் பிடித்து வண்டி நிறுத்தும் இடம் சொன்னார், அன்னதான நேரம் சொன்னார். பிறகு நாற்காலியில் இருந்த மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். புதுமை என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று சிந்து அம்மாவின் நாற்காலியைப் பற்றிக்கொண்டாள்.

"மாதா சங்கிலி கெடச்சிடுச்சு. யாரும் திருடல. எங்க வீட்டுக் கை, சேலையோட சேத்து மடிச்சு வெச்சிடுச்சு. கிஷோர் மேல நான் குடுத்த புகார் தப்பு. ஸ்டேஷன்லயும் போய்ச் சொல்லப்போறேன். அந்தத் தம்பி என்ன மன்னிக்கணும்."

குரல் இறங்கிக்கொண்டே போனதால் கடைசி வார்த்தைகள் முன்வரிசைக்கு மட்டுமே எட்டின. கூட்டம் முணுமுணுத்தது.

"அங்கிள், மைக்க வாய்கிட்ட வெச்சிப் பேசுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இங்க ஒண்ணும் கேக்கல. மொதல்லேருந்து சொல்லுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. மளிகைக் கடை ஓரம் கைகட்டி நின்றுகொண்டிருந்தான் கிஷோர். யாரோ சிரித்தார்கள். சூசைநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து, இந்த முறை உரக்கச் சொன்னார். லூர்தக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாக் கேட்டுச்சுப்பா" என்றாள்.

அவனுக்குக் கூட்டம் தானாகவே வழிவிட்டது. நேரே வந்து சிந்துவின் முன் நின்றான்.

"சாப்ட்டியா?"

"இல்ல."

"வா" என்றான்.