திருகாமல் எடுத்த படம்

அண்ணன் வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் கையில் கிடைத்த செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாராவது சுவிட்ச் பக்கம் கை நீட்டினால் அண்ணி, "வேணாம், இருக்கட்டும்" என்பார். அதை அணைத்தவர் அண்ணன். மறுபடி போடலாம் என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். லென்ஸைத் தீட்டி ஃபிரேமில் பொருத்தும் வேலை. அந்தக் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒரு தையல்காரர், பையிலிருந்து உள்ளங்கை நீள விமானம் ஒன்றை எடுத்து, "இதுக்குள்ள இருக்கறது எனக்குத் தெளிவாத் தெரியணும் சார், அந்த மாதிரி ஒரு பவர் குடுங்க" என்றாராம். அண்ணன் பூதக்கண்ணாடி வைத்து உள்ளே பார்த்தார். விமானி அறை. இருக்கை, பட்டை, கைப்பிடி, வேகமும் உயரமும் காட்டும் மானிகள் வரிசையாக. எல்லாம் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள். மேலே கண்ணாடி மூடியை ஒட்டிவிட்டால் இதில் பாதிகூட வெளியே தெரியாது என்று தையல்காரர் சொன்னதும் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப எதுக்கய்யா ராப்பகலா கண்ணைக் கெடுத்துக்கிட்டு செஞ்சீங்க? ஒட்டாதீங்க. நான் போட்டோ எடுத்துத் தர்றேன்."

அப்படித் தொடங்கியது. பிறகு மாடல் விமானம் செய்பவர்கள் எங்கெங்கிருந்தோ மூடி ஒட்டாத விமானங்களைப் பஞ்சு சுற்றி அவரிடம் அனுப்பினார்கள். அண்ணன் விமானத்தில் ஏறியதே இல்லை. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னால்கூட மகளைக் கூப்பிடுவார். "உங்கப்பாவுக்குத் தலகாணி ஒசரமே ஜாஸ்தி" என்று அண்ணி சிரிப்பார்.

படம் எடுப்பது கூடத்தை ஒட்டிய சின்ன அறையில். நடுவில் ஒரு திரைச்சீலை. ஜன்னலுக்கு முதுகு காட்டி, நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டு உட்கார்வார். அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் ஒரு நூலளவு இடம்தான் தெளிவாக விழும். முன்னும் பின்னும் மங்கிவிடும். அதனால் கேமராவை ஒரு திருகின் மேல் வைத்திருந்தார். வலது கையால் திருகினால் அது மயிரிழை பின்னே நகரும். இடது கையில் ஒயரோடு ஒரு பொத்தான். திருகு, அமுக்கு. திருகு, அமுக்கு. பிறகு எல்லாப் படங்களிலும் தெளிவாக விழுந்ததை மட்டும் கணினியில் ஒன்றாகச் சேர்ப்பார். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள், "உள்ள ஏறி எடுக்க விட்டாங்களா?" என்று கேட்க வேண்டும். அதுதான் அவருக்குக் கணக்கு.

நடுவில் எதுவும் அசையக் கூடாது. யாராவது நடந்தால் தரை அதிரும், தும்மினால் தூசி பறக்கும். உள்ளே விழுந்த ஒரு தூசி படத்தில் செங்கல் போல நிற்கும். ஆகவே விசிறியை அணைத்துவிட்டு, உள்ளேயிருந்து "மூச்சு!" என்பார். வீடு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நாலைந்து கிளிக் கேட்கும். "விடலாம்" என்பார். மறுபடி "மூச்சு!" ஒருமுறை மகள் குளியலறையிலிருந்து, "அப்பா, எனக்கும் சேர்த்தா?" என்று கத்தினாள். "வாயை மூடு, ஆடுது" என்றார் அண்ணன்.

அவருக்கு இருந்த ஒரே குறை மானிகள். ஒவ்வொரு மானியின் மேலும் தையல்காரர் கண்ணாடிக்குப் பதிலாக ஒரு பொட்டு வார்னிஷ் வைப்பார். படத்தைப் பெரிதாக்கினால் அந்தப் பொட்டில் பின்னாலிருக்கும் ஜன்னல் வெள்ளைக் கட்டமாகத் தெரியும். அதன் நடுவில் கறுப்பாக அண்ணனின் தலை. "என் மண்டை வந்து உக்காந்துக்குதே" என்று சலித்துக்கொள்வார். "இருந்துட்டுப் போகட்டும் சார்" என்பார் தையல்காரர். "ப்ளேனுக்கு ஒரு டிரைவர் வேணாமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது உள்ளேயிருந்து "மூச்சு!" என்றார். டம்ளர் அப்படியே நின்றது. மகள் கன்னத்தை உப்பிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். கிளிக். கிளிக். கிளிக். பிறகு சத்தமில்லை. நான் டம்ளரை இறக்கப் போனேன். அண்ணி கண்ணாலேயே அதட்டினார். அப்போது இன்னொரு கிளிக் கேட்டது. பார்த்தாயா என்பது போல அண்ணி தலையசைத்தார். திருட்டுத்தனமாக மூக்கால் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொண்டு மறுபடி காத்திருந்தோம்.

மகளால்தான் முடியவில்லை. "அப்பா, போதும்ப்பா, செத்துருவோம் போல!" என்று சிரித்துக்கொண்டே வெடித்தாள். "சித்தப்பா மூஞ்சியப் பாருங்க!"

பதில் வரவில்லை. நான் திரையை விலக்கினேன். அண்ணன் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து, தலை சுவரில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. இடது கை மேஜை மேல் கிடந்தது. வெளிச்சம் கூசாமலிருக்க விளக்கின் மேல் கட்டியிருந்த மெல்லிய தாள்கூட அசையவில்லை.

மருத்துவர், "ஒரு நொடியில முடிஞ்சிருக்கும்" என்றார். அண்ணி நம்பவில்லை. வந்தவர்கள் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார். "கடைசியா ஒரு கிளிக் கேட்டுச்சு. அப்ப உசிரோடதான இருந்தாரு? அதுக்கப்புறமும் நான் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். அப்பவே எந்திரிச்சுப் போயிருந்தா?" அந்தக் கிளிக்கை நானும் கேட்டேன். மகளும் கேட்டாள். அண்ணி சாப்பிடுவதை நிறுத்தினார். அந்த மேஜையை யாரும் தொட விடவில்லை.

மேஜை மேலிருந்த விமானம் தையல்காரருடையது. அவர் தினமும் வந்து வாசலோரமாக உட்கார்ந்துவிட்டுப் போனார். விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அண்ணிதான் கேட்டார்.

"அண்ணே, அவரு கடைசியா எடுத்ததைப் பார்க்க முடியுமா?"

"இப்ப வேணுமாம்மா?"

"வேணும்."

கேமராவைக் கணினியில் இணைத்தேன். முதல் படத்தில் மானிகள் கூர்மையாக இருந்தன. அடுத்ததில் கைப்பிடி. அதற்கடுத்து இருக்கையின் விளிம்பு. ஒவ்வொன்றிலும் தெளிவு மயிரிழை நகர்ந்திருந்தது. நான்காவது படத்தில் தையல்காரர் என் கையைப் பிடித்தார்.

"முன்னாடி போங்க தம்பி... இப்ப பின்னாடி. ரெண்டும் ஒண்ணா இருக்கே."

மூன்றாவதும் நான்காவதும் ஒரே இடத்தில்தான் தெளிவாக இருந்தன. திருகு நகரவில்லை.

"அவரு திருகாம அமுக்க மாட்டாரும்மா" என்றார் தையல்காரர். "ஒருநாளும் மாட்டாரு."

நான் ஒரு மானியைப் பெரிதாக்கினேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. மூன்றாவது படத்தில், மங்கலாக, வெள்ளைக் கட்டத்தின் நடுவே அந்தக் கறுப்புத் தலை இருந்தது. நான்காவதில் ஜன்னல் மட்டும் இருந்தது. வெறும் வெள்ளை. எல்லா மானிகளிலும் அப்படித்தான்.

அண்ணி கணினித் திரைக்கு மிக அருகே குனிந்தார்.

"அப்ப அந்தக் கிளிக் சத்தம்?"

"கை மேஜையில விழுந்தப்ப அமுங்கியிருக்கும்மா."

"அதுக்கு முன்னாடியே?"

"முன்னாடியே."

அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அவர் அந்த வெள்ளைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்:

"அப்ப நாம யாருக்காக மூச்சைப் புடிச்சிட்டிருந்தோம்?"

மகள் "அம்மா" என்றாள்.

அண்ணி எழுந்தார். கூடத்துச் சுவர் வரை போய், சற்று நின்று, மின்விசிறியைப் போட்டார். அது முனகிக்கொண்டு சுழலத் தொடங்கியது. திரைச்சீலை உப்பியது. விளக்கின் மேலிருந்த தாள் படபடத்தது. தையல்காரர் பாய்ந்து, மூடி ஒட்டாத அந்த விமானத்தின் மேல் இரண்டு கைகளையும் குவித்து மறைத்துக்கொண்டார்.