ஆயிரம் கன்டெய்னர் லாரிகளை வென்ற வீரன்

எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. தினமும் ஓடினால்தான் ஞாயிறு வஞ்சிர மீன் வறுவல் என்பது வீட்டு மகாராணியின் உத்தரவு.

இன்று காலை எண்ணூர் சாலையில் ஓடி வீடு திரும்பும்போது, துறைமுகத்துக்குப் போகும் ஆயிரம் கன்டெய்னர் லாரிகளைப் புயலாக முந்தினேன்.

ஒரு டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, நாங்க நேத்துலேர்ந்து நின்னுகினு கீறோம்!"

வென்றது வென்றதுதான். ஆனால் ஆயிரம் லாரிப் புகையும் நெஞ்சில் குடியேறி, முட்டி மடங்கிவிட்டது.

"ஏறு நைனா, வூட்டாண்ட வுட்டுர்றேன்."

ஏறினேன். லாரி அசையவே இல்லை.

பால் வாங்கிக்கொண்டு பின்னால் நடந்து வந்த மகாராணி எங்களை முந்தினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, ஓட்டம் ஜோரா போய்க்கினு கீதா?"

ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் மீன், சொல்லுங்கள். நடந்தே வருகிறேன்.