போர்வையில் பரப்பிய இஞ்சின்

பிள்ளைகளே, நேற்று லோத்குண்டாவில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் யூசுப் பாய் உங்கள் தாத்தாவின் பழைய காரைத் திறந்து பார்த்தார். "ரிப்பேர் நக்கோ, வேணாம் சார். வேற இஞ்சின் வெச்சா ரெண்டே நாள். இதைச் சரிபண்ண ஒரு மாசம் ஆகும்" என்றார். கருகிய ஆயில் வாசனை மூக்கில் ஏறியது. ஒரு நொடியில் நான் எட்டு வயதுப் பையனாகிவிட்டேன்.

ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டு வாசலில் அப்பா இதே இஞ்சினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, போர்வையில் வரிசையாகப் பரப்பியிருந்தார். "என் கல்யாணப் போர்வைதான் கிடைச்சுதா?" என்று அம்மா கத்தினாள். நாங்கள் மூச்சுவிடாமல் சுற்றி நின்றோம். எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது ஒரு வாஷர் மிஞ்சியது. "விடுங்க சார், ஓடும்!" என்று பக்கத்து வீட்டு மாமா சிரித்தார். அப்பா முழுவதையும் மறுபடி கழற்றினார்.

மூன்றாம் நாள் சாவியைத் திருப்பினார். போர்வையில் ஊமையாகக் கிடந்த இரும்பெல்லாம் ஒரே குரலில் உறுமியது. கத்திய அம்மாவே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இதையே சரிபண்ணுங்க பாய், மாசம் ஆனா ஆகட்டும்" என்றேன். "ஆனா ஞாயித்துக்கிழமை கழட்டுங்க. என் பசங்களுக்கு அன்னிக்குத்தான் லீவு."