பட்டியலில் இல்லாத ‘ஓம்’

தவம் அக்காவின் கணவரை வெள்ளத்தில் கைவிட்டது நான்தான். அந்தப் பழியை அக்காவின் தலையில் போட்டவனும் நான்தான்!

கிளிநொச்சியில் கணினி நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்து வெள்ளம் வந்தால் யாரை முதலில் ஏற்றிவர வேண்டும் என்று காட்டும் செயலி ஒன்றை ஊர்த் தொண்டர்களுக்காக எழுதினேன். “நடக்க முடியாதவர் எவரேனும் உள்ளாரா?” என்ற கேள்விக்கு வீட்டுக்காரர்கள் கைபேசியில் பதில் அனுப்புவார்கள்.

பதிலைப் புரிந்துகொள்ள ஒரு ‘மேப்’ வைத்தேன்; சொல்லைக் கொடுத்தால் பொருளைத் தரும் பட்டியல் அது. ‘ஆம்’ என்றால் உண்டு, ‘இல்லை’ என்றால் இல்லை. எங்கள் பேச்சில் ‘ஆம்’ என்பதற்கு ‘ஓம்’தான்; நாள் முழுக்க ‘ஓம், ஓம்’ என்று கதைப்பவன் நான்! எழுத உட்கார்ந்ததும் புத்தகத் தமிழ் வந்துவிட்டது.

தேடிய சொல் பட்டியலில் இல்லையென்றால் நான் பயன்படுத்திய செயல்சார் நிரலாக்கம் என்ற நிரல் எழுதும் முறை அதை மறைப்பதில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும். அப்படிப்பட்ட பதிலை ஒரு மனிதரின் பார்வைக்கு அனுப்பியிருக்க வேண்டும். நானோ... கிடைக்காததையெல்லாம் ‘இல்லை’ என்று கொள்ளச் சொல்லி ஒரே வரியில் முடித்தேன். சுருக்கமாக எழுதிவிட்டேன் என்று பெருமை வேறு!

பலர் கேள்வியின் நடையைப் பார்த்து ‘ஆம்’ என்றே எழுதினார்கள். அக்கா வாயில் வருவதை எழுதினார்.

அக்கா இருக்கும் வட்டக்கச்சியில் தண்ணீர் ஏறிய காலை, ஆட்களை ஏற்றவந்த உழவு இயந்திரம் அக்கா வீட்டைக் கடந்து போனது. பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடந்த கணவரை மேசைமேல் கிடத்திப் பிடித்தபடி, மத்தியானம்வரை இடுப்பளவு நீரில் நின்றிருக்கிறார். நனைந்த மனிதருக்குச் சளி நெஞ்சில் கட்டியது. எட்டாம் நாள் இறந்துபோனார்.

செத்தவீட்டில் அக்கா கைபேசியை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, நான் ஓம் எண்டுதானே அனுப்பினனான்? ஏன் ஒருத்தரும் வரேல்லை?”

பார்த்த கணமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

“ஆம் எண்டெல்லோ அக்கா எழுதியிருக்கோணும்.”

“ஐயோ... நானே அவரைச் சாகக் குடுத்திட்டனே!”

நான் மறுக்கவில்லை. எத்தனை கோழை நான்! வீட்டுக்குப் போய்ப் பட்டியலில் ‘ஓம்’ சேர்த்தேன். தெரியாத சொல் வந்தால் ஒரு தொண்டர் தொலைபேசியில் கேட்கும்படி மாற்றினேன். ஏன் மாற்றினாய் என்று எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்ல முடிகிற என்னால் அக்காவிடம் ஏன் சொல்ல முடியவில்லை?

இந்த மாரிமழைக் காலத்துக்கு ஒரு புதிய கேள்வி சேர்த்தோம்: “வீட்டில் தனியாக வசிக்கிறீர்களா?”

முதலில் வந்தது தவம் அக்காவின் பதில். கவனமாக, பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

‘ஆம்.’